நோர்மிதாவின் இரண்டு ஆகஸ்டுகள்

எங்கள் கபுலான் தீவில் ஹபகாத் பிடித்துவிட்டால் எல்லாருடைய திட்டமும் சலூத்தின் வாயில்தான் இருக்கும். ஹபகாத் என்றால் ஜூன் தொடங்கி மழையையும் கூட்டிக்கொண்டு தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள், பன்றி விற்கப் போகிறவர்கள், பல் பிடுங்கப் போகிறவர்கள் எல்லாரும் முந்தின நாள் சாயங்காலமே படகுத்துறைக்கு வந்து, "நாளைக்கு உண்டா?" என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். துறையிலேயே என் சோற்றுக்கடை இருப்பதால் இந்தக் கேள்வியையும் பதிலையும் நான் கேட்காத நாள் குறைவு.

படகு சலூத்துக்கும் அவள் புருஷன் ஓஸ்திங்குக்கும் சொந்தம். இருபுறமும் மூங்கில் கைகளை விரித்துக்கொண்டு போகிற நீளமான மோட்டார் படகு. சுக்கான் பிடிப்பது அவன். போவதா வேண்டாமா என்று சொல்வது அவள். "ரெண்டு பேரும் சொன்னா படகு ரெண்டா பொளந்துக்கும்" என்பான் ஓஸ்திங்.

சலூத்தின் தங்கை நோர்மிதா. ஹாங்காங்கில் ஒரு குடும்பத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சமையல் செய்கிறாள். இங்கே அவளுடைய சொந்தப் பிள்ளைகளை, பெண் ஜெனிலினையும் பையன் பென்ஜோவையும், அவள் புருஷன் எஃப்ரேன் வளர்க்கிறான். அந்தக் குடும்பம் ஆகஸ்டில் வெளியூர் போகும்போதுதான் நோர்மிதாவுக்கு விடுமுறை. அதுவும் சில நாட்கள். கடல் மிக மோசமாக இருக்கிற மாதத்தில்தான் அவளால் வர முடியும் என்பது யாருடைய குற்றமும் இல்லை.

முதல் ஆகஸ்டில் அவள் வந்தபோது ஊரை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் எஃப்ரேன் தென்னந்தோப்பு மேட்டில் சிமெண்டுக் கல் வைத்து வீடு கட்டி முடித்திருந்தான். சுவருக்கு எந்த நிறம் என்பதைக்கூட அவள்தான் போனில் பார்த்துச் சொன்னாள். ஆனால் அந்த வீட்டு வாசலை அவள் மிதித்ததில்லை.

விமானம், பஸ், வேன் என்று மாறி மாறி, எதிர்க்கரையில் இருக்கிற சான் ரோக்கே துறைக்கு அவள் வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொண்டு அக்காவைப் போனில் கூப்பிட்டாள். காலையில் பார்த்துச் சொல்கிறேன் என்றாள் சலூத்.

மறுநாள் காலையில் காற்றே இல்லை. கடலோரக் காவல்படையிடமிருந்தும் தடை எதுவும் வரவில்லை. ஆனால் தெற்கே அடிவானத்தில் ஒரு கருப்புப் பட்டை கிடந்தது. காற்றில்லாமலே, எங்கள் துறைக்கு முன்னால் இருக்கிற பாறைத் திட்டில் நீள நீளமான அலைகள் வந்து மெதுவாக ஏறி இறங்கின. எங்கேயோ தூரத்தில் ஏதோ ஒன்று கடலைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். சலூத் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, வெகுநேரம் அதைப் பார்த்தாள். அப்புறம் தங்கைக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கு வேணாம்டி. நல்லா தூங்கு. நாளைக்குக் காலையில முதல் வேலையா வந்து கூட்டிட்டு வரேன்."

நோர்மிதா அக்கா பேச்சைத் தட்டுகிறவள் இல்லை. இரண்டு நாள் பயணக் களைப்பு வேறு. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

அன்று தமியான் போனான். தமியான் எங்கள் தீவின் இன்னொரு படகுக்காரன், சலூத்தைவிடத் துணிச்சல் அதிகம். சான் ரோக்கேயில் ஆளை இறக்கிவிட்டு, இருந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு, கடல் கண்ணாடி மாதிரி கிடக்க, பாட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். நோர்மிதா அந்தக் கரையில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவள் தூங்கி எழுந்து, ஜன்னல் வழியாக அசையாத கடலைப் பார்த்துவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு துறைக்கு ஓடி வந்தபோது அவன் படகு பாதி தூரம் போயிருந்தது.

மத்தியானம் எஃப்ரேன் மேட்டிலிருந்து இறங்கி வந்தான். இரண்டு பிள்ளைகளும் புதுச் சட்டையோடு பின்னாலேயே வந்தார்கள்.

"அக்கா, தமியான் போயிட்டு வந்துட்டான். பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன? இப்பவாவது எடுங்க. சகலை, நீங்க இஞ்சினப் போடுங்க."

ஓஸ்திங் எழுந்துவிட்டான். சலூத் எழுந்திருக்கவில்லை.

"இப்பப் போனா திரும்பி வரும்போது இருட்டிடும். பாறைக்கு நடுவுல நுழையறது இருட்டுல முடியாது. காத்து வேற எப்ப எழும்பும்னு தெரியல."

"காத்தே இல்லையே! இந்தா, இந்த இலைகூட ஆடல."

"நாளைக்குக் காலையில, எஃப்ரேன்."

"நாளைக்கு உங்க கையிலயா இருக்கு?"

பென்ஜோ தன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். எஃப்ரேன் அவர்களைக் கூட்டிக்கொண்டு மேடேறிப் போனான்.

மறுநாள் விடியும்போது பாறைத் திட்டு முழுக்க நுரையால் வெள்ளையாக இருந்தது. மழை பக்கவாட்டில் அடித்தது. அந்த நாளும் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தமியான்கூடப் படகைத் தண்ணீரில் இறக்கவில்லை. நோர்மிதா சான் ரோக்கே துறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். மழை விட்ட நேரங்களில் கபுலான் ஒரு கோடு போலத் தெரிந்ததாம். அப்புறம் விமானத்துக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டாள்.

அவள் விட்டுப் போன பெட்டி, கடல் அடங்கியதும் தமியான் படகில் வந்தது. எஃப்ரேன் அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தான். பென்ஜோவுக்கு அவள் வாங்கி வந்த காலணி அவன் காலுக்குப் பற்றவில்லை.

தீவில் இதைப் பற்றி நிறையப் பேசினார்கள். சலூத் சொன்னது சரிதானே, புயல் வந்ததுதானே என்றார்கள் சிலர். "ஒரு நாள் முன்கூட்டியே சரி" என்றான் எஃப்ரேன். அன்றோடு அவன் சலூத்திடம் பேசுவதை நிறுத்தினான். துறைக்கு வந்தால் எங்களைத் தாண்டி நேரே தமியான் படகுக்குப் போவான். ஜெனிலின் மட்டும், "பெரியம்மா" என்று கூப்பிடாமல் தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

நோர்மிதாவும் ஹாங்காங்கிலிருந்து அக்காவைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்கா தங்கை பேச்சு சத்தம் என் கடைவரை கேட்கும்.

சலூத்தின் கணிப்பு கெட்டுப்போனது அதற்கப்புறம்தான். முன்பு தயங்கி, யோசித்து, பாதி நாட்கள் போகலாம் என்றும் பாதி நாட்கள் வேண்டாம் என்றும் சொன்னவள், இப்போது சின்ன மேகத்தைப் பார்த்தாலே வேண்டாம் என்றாள். ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னது தப்பாகப் போயிருந்தால், அடுத்த தடவை துணிந்து போகலாம் என்றுதானே மனசு சொல்ல வேண்டும்? அவளுக்கு நேர்மாறாக நடந்தது. அவ்வளவு பெரிய விலை கொடுத்துச் சொன்ன சொல்லை, லேசாக மாற்றிக்கொள்ள அவளால் முடியவில்லை என்று நினைக்கிறேன். ஆட்கள் தமியான் பக்கம் நகர்ந்தார்கள்.

"இப்படியே போனா படகுல நண்டு குடும்பம் நடத்தும்" என்றான் ஓஸ்திங்.

"அது கிட்ட வாடகை வாங்கிக்கோ" என்றாள் அவள். ஆனால் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் மே மாதம், மழை தொடங்குவதற்கு முன்னால், நோர்மிதாவுக்கு மறுபடி ஆகஸ்டில் விடுமுறை என்று ஜெனிலின் மூலமாக எனக்குத் தெரிந்தது. நான் சலூத்திடம் சொன்னேன். அவள் எழுந்து படகைப் பார்க்கப் போய்விட்டாள். ஒரு வாரம் கழித்து, பல மாதம் மிதிக்காத அந்த மேட்டில் ஏறி, எஃப்ரேன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவன் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எஃப்ரேன், அவள இங்க கொண்டு வரதப் பத்தி யோசிக்கவே கூடாது. பிள்ளைங்கள அங்க கொண்டு போயிடணும்" என்று நின்றபடியே சொன்னாள். "ஜூலை கடைசியில கடல் எந்த நாள் திறக்குதோ அன்னைக்கே நீயும் பிள்ளைங்களும் சான் ரோக்கே போயிடுங்க. ரூம் எடுத்துக் காத்திருங்க. அப்புறம் புயல் வந்தாலும் வரட்டும், நீங்க நாலு பேரும் ஒரே கரையில இருப்பீங்க."

எஃப்ரேன் தீனியைப் போட்டு முடித்தான்.

"இத போன வருஷமே யோசிச்சிருக்கலாம்ல?"

"யோசிச்சிருக்கலாம். யோசிக்கல."

"அவளுக்கு வீட்டப் பாக்கணும். போன்ல எப்பப் பேசினாலும் அதான்."

"அதுக்குத்தான் எங்க படகையும் அந்தக் கரையிலேயே கொண்டு போய்க் கட்டிடறோம். நானும் உன் சகலையும் அங்கயே இருக்கோம். நாள் அமைஞ்சா பாப்போம். அமையலன்னா பிள்ளைங்களாவது அவகிட்ட இருப்பாங்க."

"தமியானக் கேட்டாலே போதுமே."

"கேளு. அவனையும் கேட்டு வை" என்றாள் சலூத். எஃப்ரேனை அதுதான் அசைத்தது என்று பிறகு அவனே என்னிடம் சொன்னான்.

ஜூலை கடைசியில் மழைக்கு நடுவே ஒரு வெளிச்சமான காலை கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு எல்லாரும் புறப்பட்டார்கள். ஒரு கோழி, அரை மூட்டை அரிசி, கருவாடு எல்லாம் படகில் ஏறியது. சான் ரோக்கேயில் ஒரு ரொட்டிக் கடை மாடியில் அறை எடுத்தார்கள். காத்திருந்தார்கள். மழை பெய்தது, விட்டது, பெய்தது. ஓஸ்திங் ரொட்டிக் கடைக்காரனோடு சீட்டாடித் தோற்றான்.

நோர்மிதா வந்திறங்கினாள். ஜெனிலின் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பென்ஜோ அப்பாவின் பின்னால் நின்றான். எவ்வளவு கூப்பிட்டும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான், ஆனால் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனைக் காணவில்லை. நோர்மிதாவின் போன் அடித்தது. எஃப்ரேன் போனிலிருந்து அழைப்பு. எடுத்தால் பென்ஜோ. மாடிப் படியில் உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் யார் யாரை அடித்தான், கோழி எத்தனை முட்டை போட்டது என்று வழக்கம்போல மூச்சு விடாமல் பேசினான். அவனுக்குத் தெரிந்த அம்மா போனில்தானே இருந்தாள். நோர்மிதாவும் அறையிலிருந்தபடியே கேட்டு, பதில் சொல்லி, கடைசியில், "சரி, வச்சிட்டு உள்ள வா" என்றாள். வந்தான்.

அக்காவும் தங்கையும் அன்று அதிகம் பேசவில்லை. "இளைச்சிட்ட" என்றாள் நோர்மிதா. "நீ சதை போட்டுட்ட" என்றாள் சலூத். அவ்வளவுதான்.

அடுத்த நாள் முழுக்கக் கடல் அமைதியாக இருந்தது. சலூத் துறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். பாறையில் அலை எப்படி என்று கபுலானில் இருந்த எனக்குப் போன் போட்டுக் கேட்டாள். தமியானிடமும் கேட்டாள். சாயங்காலம் நோர்மிதா அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வீட்டப் பாக்கணும்க்கா."

சலூத் தெற்கே பார்த்தாள். அடிவானம் சுத்தமாக இருந்தது. "போலாம்" என்றாள். "விடியும்போது கிளம்பணும். மத்தியானம் கிளம்பித் திரும்பிடணும். ராத்திரி தங்கக் கூடாது. சம்மதம்னா போலாம்."

ஓஸ்திங் காதைக் குடைந்தான். "என்ன, 'போலாம்'னா சொன்ன? இன்னொரு தடவ சொல்லு. நண்டுக்கெல்லாம் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் குடுக்கணும்."

இந்தத் தடவை அவள் சிரித்தாள்.

காலையில் அவர்கள் கபுலான் துறையில் வந்து இறங்கியபோது பாதி ஊர் அங்கே நின்றது. நோர்மிதா எல்லாரிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டு மேட்டைப் பார்த்து நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே போய் ஒவ்வொரு சுவரையும் உள்ளங்கையால் தொட்டாள். "போன்ல இதவிடப் பச்சையா தெரிஞ்சுது" என்றாள். அறைகளைப் பெருக்கினாள், ஏற்கெனவே பெருக்கியிருந்த தரைதான். தன் அடுப்பில் தானே சோறு வடித்தாள். நான் ஒரு தட்டு நூடுல்ஸ் வறுத்துக் கொண்டுபோயிருந்தேன். எல்லாரும் தரையில் உட்கார்ந்து கருவாட்டோடு சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அவள் கட்டிலில் போய்ச் சும்மா சாய்ந்தாள். அப்படியே தூங்கிவிட்டாள். பென்ஜோ அவள் காலடியில் சுருண்டுகொண்டான்.

வெயில் உச்சிக்கு வந்ததும் சலூத் துறையிலிருந்து ஏறி வந்தாள். எஃப்ரேன் வாசலை மறித்து நின்றான்.

"தூங்கறா. எழுப்பாதீங்க."

"நேரமாச்சு எஃப்ரேன்."

"கடலப் பாருங்க. தட்டுல ஊத்தின தண்ணி மாதிரி கிடக்கு. ஒரு ராத்திரி இருந்துட்டு விடியக்காலையில போனா என்ன?"

"நேத்தே பேசினதுதான்."

"நீங்க பேசினீங்க. அவ நாலஞ்சு வருஷமா..." அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "அவ வீட்ல அவ ஒரு ராத்திரி தூங்கக் கூடாதா?"

சலூத்துக்கு உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பலாமா என்று நின்றேன். பேச்சுச் சத்தத்தில் நோர்மிதா எழுந்து வந்தாள். கன்னத்தில் கட்டில் பாயின் கோடு பதிந்திருந்தது.

"அக்கா, கடல் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"இன்னைக்கு இங்க தங்கினா என்ன ஆகும்?"

சலூத் அவளை நேராகப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகாமலே போகலாம். நாளைக்கும் இதே மாதிரி இருக்கலாம். இல்ல, மாட்டிக்கிட்டு உன் விமானம் போயிடலாம், வேலையும் போயிடலாம். எனக்குத் தெரியாது. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? உன் லீவு, உன் வேலை. நீ சொல்லு. தங்கணும்னா படகு இங்கயே நிக்கும்."

நோர்மிதா வாசலில் நின்று கடலைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். பிறகு உள்ளே போனாள். சோற்றுச் சட்டியைத் தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்டது. அதைக் கவிழ்த்து வைத்தாள். பையனை எழுப்பினாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"போலாம்" என்றாள்.

திரும்பும்போது அக்காவும் தங்கையும் படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போனார்கள். என்ன பேசினார்கள் என்று சலூத் ஒருநாள் மழையில் என் கடையில் ஆளில்லாதபோது சொன்னாள்.

"போன வருஷம் நீ சொன்னது தப்பாக்கா?" என்று கேட்டிருக்கிறாள் நோர்மிதா.

"அதே வானம் இருந்தா அதேதான் சொல்வேன். எங்க படகு போகாதுன்னு சொன்னது தப்பில்ல. ஆனா தமியான் கிளம்பறான்னு எனக்கு அப்பவே தெரியும். அவன் டீசல் ஊத்தறதப் பாத்துக்கிட்டேதான் உன்கிட்டப் பேசினேன். அத உன்கிட்ட சொல்லல."

"சொல்லியிருந்தா அவன் படகுல ஏறியிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

சான் ரோக்கே கரை தெரிந்த பிறகு நோர்மிதா, "பயந்துட்டியா?" என்று மட்டும் கேட்டாளாம். "நீ முழுகிப் போற மாதிரி கண்ணுல தெரிஞ்சுதுடி" என்றாளாம் சலூத். தங்கை அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அது சலூத்துக்கும் தெரியும்.

அன்று ராத்திரி கடல் அமைதியாக இருந்தது. மறுநாளும் அப்படியே. நோர்மிதா விமானம் ஏறும் நாள்வரை ஒரு துளி மழைகூட இல்லை. "ஒரு ராத்திரி என்ன, மூணு ராத்திரி தங்கியிருக்கலாம்" என்றான் எஃப்ரேன், வேனில் அவள் பெட்டியை ஏற்றிக்கொண்டே.

"தங்கியிருக்கலாம்தான்" என்றாள் நோர்மிதா. அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் சலூத் பதில் சொல்கிற விதமே மாறிவிட்டது. நாளைக்கு உண்டா என்று கேட்டால், தெற்கே இப்படி இருக்கிறது, பாறையில் இப்படி இருக்கிறது, நாங்கள் போகவில்லை, தமியான் போவான் என்று நினைக்கிறேன், உங்கள் இஷ்டம் என்கிறாள். ஊருக்கு இது பிடிக்கவில்லை. "கதை வேணாம் சலூத், போலாமா கூடாதா, அத மட்டும் சொல்லு" என்று சலித்துக்கொள்கிறார்கள். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறாள். அடிக்கடி "போலாம்" என்றும் சொல்கிறாள்.

அக்டோபரில் காற்று தணிந்ததும் அவள் படகில் ஒரு பெரிய மர ஜன்னல் வந்தது, சட்டமும் கதவுமாக, குறுக்கே கயிறு போட்டுக் கட்டி. அன்றைக்கு வந்த பயணிகள் எல்லாரும் அதைச் சுற்றி முட்டி மடக்கி உட்கார்ந்து வந்தார்கள். சமையலறையில் நின்றால் பன்றிக் கொட்டகைதான் தெரிகிறது, கடல் பக்கம் வெறும் சுவர், அதை இடித்து ஜன்னல் வை என்று நோர்மிதா போனில் எஃப்ரேனைக் குடைந்துகொண்டே இருந்தாளாம். எஃப்ரேன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து ஜன்னலின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கம் சலூத்.

"மெதுவா, மெதுவா அக்கா, உங்க பக்கம் தூக்குங்க" என்றான்.

அதை மேட்டுக்குச் சுமந்து, சுவரை இடித்து, பொருத்தி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. ஜெனிலின் ஜன்னலைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது.

"இவ்வளவு சின்னதா?"